சாத்தானுக்குப் பயந்து பள்ளி, பள்ளிக்குப் பயந்து வரிசை

1647இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துப் பெரியவர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். 50 குடும்பங்கள் உள்ள ஊர் எதுவானாலும் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆளை வைக்க வேண்டும். 100 குடும்பங்களைத் தொட்டுவிட்டால் இலக்கணப் பள்ளியே திறக்க வேண்டும். எதற்கு இவ்வளவு அக்கறை? வேலைவாய்ப்பு, நாட்டு முன்னேற்றம் என்றெல்லாம் அவர்கள் கதை விடவில்லை. சாத்தானுக்காக என்று நேராகவே எழுதினார்கள். மக்களை வேதம் படிக்க விடாமல் தற்குறிகளாக வைத்திருப்பதுதான் அந்தப் பழைய பித்தலாட்டக்காரனின் முதல் தொழில். அவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட வேண்டுமென்றால் ஊருக்கு ஒரு வாத்தியார் வேண்டும்.

அந்தக் காலத்துப் பெற்றோர் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பக்கம் வாத்தியார், மறுபக்கம் சாத்தான். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு மாடு கறக்கப் போகலாம். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று பன்னிரண்டு வரை வரிசையாக எழுதித் தரச் சொல்லி யாரும் படிவம் நீட்டவில்லை. அந்தக் கொடுமை வந்து சேர இன்னும் மூன்றரை நூற்றாண்டு இருந்தது.

அது வந்து சேர்ந்த கதையில் நம் எழும்பூருக்கும் பங்குண்டு. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக இருந்த விடுதியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் வெளியே போகும்போது, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு இதைவிட மனம் குளிரும் காட்சி வேறு இருக்க முடியாது. மணலோடு, பெரிய பையனை விட்டே சின்னப் பையனுக்குப் பாடம் சொல்ல வைக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் நின்றது. நம் சட்டாம்பிள்ளைகளுக்கு ராயல்டி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே மாதிரி ஒரு முறையை நடத்தி, ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துக் காட்டினார். நியூயார்க் செல்வந்தர்கள் காதில் இது தேனாகப் பாய்ந்தது. 1805இல் ஒரு சங்கம் பதிவாகி, மறு ஆண்டே ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் திறந்தது. சங்கம் தனியாருடையது, பணம் பொதுமக்களுடையது, பள்ளிக்குப் பெயர் பொதுப்பள்ளி. இந்த ஏற்பாட்டைத்தான் 1990களில் சிலர் சார்ட்டர் பள்ளி என்று புத்தம்புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

சங்கத்தார் எல்லோருக்கும் பொதுவான பாடம்தான் நடத்தினார்கள். அந்தப் பொதுவில் புராட்டஸ்டன்ட் பைபிள் இருந்தது, கத்தோலிக்கரை வஞ்சகர் என்று வர்ணித்த பாடப்புத்தகமும் இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்திறங்கிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளையை அனுப்பவும் மனமில்லாமல், வீட்டில் வைத்திருக்கவும் வழியில்லாமல் தவித்தன. அவர்களுக்காக 1840இல் களமிறங்கியவர் பிஷப் ஜான் ஹியூஸ். கையெழுத்தோடு அவர் போடும் சிலுவை கத்தி மாதிரி இருக்கிறது என்று எதிரிகள் அவருக்கு 'கத்தி ஜான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "நாங்களும் வரி கட்டுகிறோம், எங்கள் பள்ளிக்கும் பங்கைக் கொடு" என்பது அவர் வாதம். நகரசபையில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. முடிவில், 1842இல் வந்த சட்டம் எந்த மதப் பள்ளிக்கும் காசில்லை என்றது. ஹியூஸ் கோபித்துக்கொண்டு சொந்தமாகப் பள்ளிகள் கட்டினார். அந்தத் தனியார் சங்கமும் 1853இல் கடையைக் கட்டிக்கொண்டு பள்ளிகளை அரசு வாரியத்திடம் ஒப்படைத்தது. சண்டை போட்ட இருவருமே தோற்று, நடுவில் அரசுப் பள்ளி பிறந்தது.

அப்புறம் ஒரு நூறு வருடம் பேச்சில்லை. வீடு எந்தத் தெருவோ பள்ளி அந்தத் தெரு. தோல் என்ன நிறமோ பள்ளி அந்த நிறம்.

1951இல் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் வேலைநிறுத்தம் செய்தாள். கறுப்பர் பள்ளியில் இடம் போதவில்லை என்று தார் தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்திருந்தது மாவட்டம். மழை வந்தால் ஒழுகும், குளிரில் கோட்டைக் கழற்ற முடியாது. மாணவர்கள் வெளியேறினார்கள், வழக்கு போனது. அதுவும் சேர்ந்துதான் 1954இல் உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பானது. நிறம் பார்த்துப் பள்ளி நடத்தக் கூடாது என்றது நீதிமன்றம். உடனே தெற்கத்திய மாநிலங்களுக்கு, அதுவரை தோன்றாத ஒரு ஞானம் தோன்றியது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைப் பெற்றோர் அல்லவா முடிவு செய்ய வேண்டும்!

மறு வருடம், 1955இல், பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். அரசு பள்ளி நடத்துவதை விட்டுவிட்டுப் பெற்றோர் கையில் வவுச்சர் கொடுக்கட்டும், பிடித்த பள்ளியில் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது யோசனை. அதிலே நீளமாக ஓர் அடிக்குறிப்பு உண்டு. தெற்கத்திய மாநிலங்கள் இதே யோசனையை வேறு உத்தேசத்தோடு வைத்திருப்பது கட்டுரையை முடித்த பிறகுதான் தெரியவந்தது என்று. நல்ல மனிதர். அடிக்குறிப்பு எழுதிய மை காய்வதற்குள் வர்ஜீனியா வேலையை ஆரம்பித்துவிட்டது.

பார்பரா ஜான்ஸின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959இல் ஒரு காரியம் செய்தது. உலகத்தில் வேறெந்தக் கல்வி அதிகாரிக்கும் அது தோன்றியிராது. கலந்து படிக்க வைக்கச் சொன்னால் பள்ளியே வேண்டாம் என்று அத்தனை அரசுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் அகாதெமி தயார், கட்டணத்துக்கு மானியம் தயார். கறுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியை வேண்டுமானாலும் விரும்பும் பூரண உரிமை இருந்தது, பள்ளிதான் இல்லை. ஐந்து வருடம் இப்படி. சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தேவாலயத்து நிலவறையில் எழுத்துக் கூட்டினார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். 1964இல் நீதிமன்றம் திறக்கச் சொன்னபோது, ஏழு வயதில் பூட்டைப் பார்த்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது.

பூட்டு போடுவது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்த மாவட்டங்கள் 'விருப்பச் சுதந்திரம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. வர்ஜீனியாவின் நியூ கென்ட் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் இரண்டே பள்ளிகள். மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பர், ஊர் முழுக்கக் கலந்தே குடியிருந்தார்கள். ஆளுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி என்று சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்திருக்கும். அதைத் தவிர்ப்பதற்காகவே 21 பேருந்துகள், 11 கறுப்பர் பள்ளிக்கும் 10 வெள்ளையர் பள்ளிக்குமாக, ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இப்போது பெற்றோர் விருப்பப் படிவம் நிரப்பலாம் என்றார்கள். மூன்று வருடத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கறுப்பர் பள்ளியை விரும்பவில்லை. கறுப்புப் பிள்ளைகளில் 85 சதவீதம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 'பாருங்கள், அவர்களுக்கே விருப்பமில்லை' என்றது மாவட்டம். 1968இல் உச்ச நீதிமன்றம், பிரிவினையை ஒழிப்பது உங்கள் வேலை, அதைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. இந்த நூற்றாண்டுக் கல்வி அதிகாரிகள் அறையில் அந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

விருப்பம் தெரிவித்தால் என்ன ஆகும் என்பதை மிசிசிப்பியில் ட்ரூ என்ற ஊரில் மே பெர்த்தா கார்ட்டர் கண்டார். பருத்திக் காட்டில் குத்தகை உழவு, பதின்மூன்று பிள்ளைகள். 1965இல் படிவம் வந்தது. அவரும் கணவரும் அதை நம்பிவிட்டார்கள். ஏழு பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். காட்டு மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்து, படிவத்தைத் திரும்ப வாங்கிவிடச் சொல்லிக் கணவரிடம் நயமாகப் பேசினார். மே பெர்த்தா உள்ளே போய் கிராமஃபோனை வாசலோரம் தூக்கி வந்து, சிவில் உரிமை பற்றி ஜனாதிபதி கென்னடி பேசிய இசைத்தட்டைச் சத்தமாக வைத்தார். பள்ளி விஷயத்தில் பெற்றோர் அளித்த பதில்களில் இதைவிடச் சிறந்தது ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. பிறகு வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு, கடையில் கடன் நிறுத்தம், காட்டை விட்டு வெளியேற்றம். அந்தப் பிள்ளைகளில் ஏழு பேர் பின்னாளில் மிசிசிப்பி பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினார்கள்.

தெற்கில் இப்படி என்றால் நடுநாட்டில் கான்சஸ் சிட்டி அடித்த கூத்து வேறு ரகம். நகரப் பள்ளிகளில் கறுப்பர், புறநகரில் வெள்ளையர். நீதிபதி ரஸ்ஸல் கிளார்க்குக்கு 1980களின் நடுவில் ஒரு யோசனை. கட்டாயப்படுத்தினால்தானே ஓடுகிறார்கள், ஆசை காட்டுவோம். வரியை ஏற்றி, பள்ளிகளை இடித்துக் கட்டினார்கள். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம், கோளரங்கம், பிள்ளைகள் ஐ.நா. சபை நடத்தி விளையாட உடனடி மொழிபெயர்ப்பு வசதியோடு அரங்கம். ஒரு பள்ளிக்குக் கிரேக்கக் கருப்பொருள் என்று முடிவாகி, வாள்சண்டை சொல்லித்தர சோவியத் ஒலிம்பிக் பயிற்சியாளரே வந்தார். புறநகர்ப் பிள்ளைகளைக் கூட்டிவர டாக்ஸி அனுப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் செலவு 200 கோடி டாலரை நெருங்கியது. மாப்பிள்ளைகள் வரவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் தேறவில்லை, வந்தவர்களில் பலரும் ஒரு வருடம் நீந்திவிட்டுத் திரும்பினார்கள். இதில் உச்சம், இனவிகிதம் கெடக் கூடாது என்று வெள்ளையருக்காகக் காலி இருக்கைகளைக் காத்து வைத்து, பக்கத்துத் தெருக் கறுப்புப் பிள்ளையை வெயிட்டிங் லிஸ்ட்டில் நிறுத்தியதுதான். அவன் நலனுக்காகத்தான் திட்டமே.

இதற்கிடையே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரே புட்டி என்ற சாதுவான பேராசிரியர், ஆசிரியர் குழுக்களோடு சில வருட ஒப்பந்தம் போட்டு அவர்களையே பாடத்திட்டம் நடத்த விட்டால் என்ன என்று 1974இல் ஒரு கட்டுரை படித்தார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். 1988இல் புத்தகமாகப் போட்டார். ஒருநாள் காலை அவர் மனைவி நியூயார்க் டைம்ஸைக் கீழே வைத்துவிட்டு, 'உங்கள் பெயர் வந்திருக்கிறது' என்றார். அதில் வாராவாரம் காசு கொடுத்துப் பத்தி எழுதி வந்த ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர், இந்த சார்ட்டர் யோசனையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஷேங்கர் சாமானியர் அல்ல. 1973இல் உட்டி ஆலன் எடுத்த 'ஸ்லீப்பர்' படத்தில், இவர் கையில் அணுகுண்டு கிடைத்ததால்தான் பழைய உலகம் அழிந்தது என்று ஒரு வசனம் வரும். அப்பேர்ப்பட்ட சங்கத் தலைவரே சொன்னதால் மின்னசோட்டா 1991இல் சட்டம் போட்டது. மொத்தம் எட்டே பள்ளிகளுக்கு அனுமதி. முதல் பள்ளி 1992இல் செயின்ட் பாலில், படிப்பை விட்ட பிள்ளைகளுக்காகத் திறந்தது. அதற்குள் மற்றவர்கள் உள்ளே புகுந்து, ஆசிரியர் கையில் இருக்க வேண்டியதை நிர்வாகக் கம்பெனி கையில் கொடுத்தார்கள். ஷேங்கர் பதறிப்போய் எதிர்க்க ஆரம்பித்தார். பெற்ற அப்பனையே வாசலில் நிறுத்தியது குழந்தை. இன்று எட்டு என்பது 7,000-த்தைத் தாண்டி, 37 லட்சம் பிள்ளைகள் அளவில் நிற்கிறது.

இந்தப் பள்ளிகளில் நல்லவை நிஜமாகவே நல்லவை. பாஸ்டனில் குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, வென்ற பிள்ளைகள் கணக்கில் கணிசமாக முன்னேறியிருந்தார்கள். 1994இல் ஹூஸ்டனில் தொடங்கிய 'கிப்' பள்ளிகளில் காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை வகுப்பு, சனிக்கிழமையும் இருந்தது, பெற்றோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. நாமக்கல் விடுதிப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இதிலென்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் 2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று எண்ணிப் பார்த்தபோது, பக்கத்து அரசுப் பள்ளியைவிட மேலான சார்ட்டர்கள் 17 சதவீதம், மோசமானவை 37 சதவீதம், மிச்சம் இரண்டும் ஒன்றுதான். பிந்தைய ஆய்வுகளில் நிலைமை தேறியது. எது எந்த ரகம் என்று வீட்டில் சமையலுக்கு நடுவே கண்டுபிடிப்பது அம்மாவின் பொறுப்பு.

கண்டுபிடித்தாலும் போதாது. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல். ஆரம்ப காலத்தில் அரங்கத்தில் எல்லோரையும் கூட்டி, பிங்கோ கூண்டில் எண்ணிட்ட பந்துகளைச் சுற்றி எடுத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அம்மா மடியில் உட்கார்ந்து, தன் எதிர்காலம் உருண்டு வெளியே வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். 2010இல் வந்த 'வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்' ஆவணப்படம் இதைக் காட்டி நாட்டையே அழ வைத்தது. அழுதவர்கள் கேட்ட கேள்வி, கூண்டிலிருந்து பந்து ஏன் அதிகமாக வெளியே வரவில்லை என்பது. கூண்டே எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

நியூயார்க் இதைவிடப் பெரிய மனது கொண்ட ஊர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் உயர்நிலைப் பள்ளிக்கு விருப்பம் எழுத வேண்டும். ஒரு காலத்தில் கையில் கொடுத்த கையேடு 600 பக்கத்துக்கு மேல் இருந்தது. பழைய முறையில் சிலருக்கு நாலைந்து பள்ளிகள் ஒரே நேரத்தில் அழைப்பு அனுப்பும், வருடத்துக்கு 30,000 பேருக்கு எதுவுமே வராது. அவர்களை எழுதாத பள்ளி ஏதாவதொன்றில் தள்ளிவிடுவார்கள். 2003இல் கல்வித்துறை பொருளாதார நிபுணர் ஆல்வின் ராத்தைக் கூப்பிட்டது. அவர் கையில் எடுத்தது 1962இல் கேல், ஷேப்லி என்ற இரு கணிதக்காரர்கள் கல்யாணம் பண்ணி வைப்பதற்காக எழுதிய சூத்திரம். ஆண் வீட்டார் பிடித்த இடத்தில் போய்க் கேட்க வேண்டும். பெண் வீட்டார் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று நிறுத்தி வைப்பார்கள். அதைவிட நல்ல வரன் வந்தால் முதல்வரைக் கழற்றிவிடுவார்கள், அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். கும்பகோணத்துத் தரகர் எவரும் ஒரு டம்ளர் காபிக்குச் சொல்லித் தந்திருப்பார். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012இல் நோபல் கிடைத்தது. முதல் வருடமே 30,000 என்பது 3,000-ஆகக் குறைந்தது என்பதால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

பாஸ்டனில் அதுவரை நடந்ததோ சூதாட்டம். உண்மையில் பிடித்த பள்ளியை முதலில் எழுதி, அது கிடைக்காவிட்டால், இரண்டாவது பள்ளியை அதற்குள் வேறு யாராவது தங்கள் முதல் விருப்பமாக எழுதி நிரப்பியிருப்பார்கள். விவரமான பெற்றோர் சங்கம் வைத்துக் கூடி, எந்தப் பள்ளியை எழுதினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு வேலை பார்க்கும் அம்மா உண்மையை எழுதி மாட்டிக்கொண்டார். உண்மை சொன்னால் நஷ்டம் வராத முறைக்கு மாற 2005 வரை ஆயிற்று.

இத்தனை பள்ளி விருப்பத்துக்கு நடுவில், ஒஹாயோவின் ஆக்ரனில் ஒரு தாய் தன் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் நல்ல பள்ளியில் சேர்க்கத் தன் அப்பா வீட்டு முகவரியைக் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் துப்பறிவாளரை வைத்துப் பின்தொடர்ந்தது. வழக்கு, 2011இல் தண்டனை, ஒன்பது நாள் சிறை. ஆளுநர் தலையிட்டு, குற்றத்தைப் பெரியதிலிருந்து சின்னதாக்கினார். அதே ஒஹாயோவில் 'எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ' என்ற இணைய சார்ட்டர் 15,000-க்கு மேல் மாணவர் என்று அரசிடம் பணம் வாங்கியது. அதிகாரிகள் கணினிப் பதிவுகளைப் பார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் கிடைத்தது. நாளைய வகுப்பறை அல்லவா, வருகையும் நாளைக்கே. 2018 ஜனவரியில், நடு வருடத்தில், மூடிவிட்டார்கள். ஏறக்குறைய 12,000 பிள்ளைகளின் வீட்டில் மறுபடி பள்ளி தேடும் உரிமை வந்து கதவைத் தட்டியது.

கடைசியாக நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் நகரை மூழ்கடித்தது. சில மாதங்களுக்குள் மாநில அரசு நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைக் கையில் எடுத்தது, 7,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், படிப்படியாக எல்லாப் பள்ளிகளும் சார்ட்டர் ஆயின. மதிப்பெண்கள் கூடின, அதை மறைக்க வேண்டியதில்லை. கூடவே, தெருமுனைப் பள்ளி என்பது காணாமல் போனது. விடியுமுன் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் ஊரைக் குறுக்காகக் கடந்து போக, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பேருந்து இந்தத் தெருவுக்கு வந்தது. நியூ கென்ட்டின் 21 பேருந்துகளை ஓட்டிய பழைய ஓட்டுநர்கள் பார்த்தால் பூரித்துப் போயிருப்பார்கள். முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிப் படிவம், பிறகு 2012இல் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் வந்தது, அதற்குள்ளும் அந்தக் கல்யாணச் சூத்திரக்காரர்கள்தான். எழுதிச் சேர்த்த பள்ளி மதிப்பெண் குறைந்து மூடப்பட்டால் மறுபடி படிவம்.

2024 ஆகஸ்டில் அந்த நகரின் கல்வி வாரியம் ஒரு துணிச்சலான பரிசோதனையில் இறங்கியது. ஒப்பந்தக்காரர் யாரும் இல்லாமல், தானே ஆசிரியரை நியமித்து, தானே மணியடித்து, லியா சேஸ் என்ற பெயரில் ஒரு பள்ளியைத் திறந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிய செய்தியாகப் போட்டன. பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், மற்ற பள்ளிகளோடு அதையும் விருப்ப வரிசையில் எழுதி விண்ணப்பிக்க வேண்டும்.